மூன்றாம் வகைச் சந்திப்பில் இல்லாதவர்கள்

(திரைப்பட வட்டக் கூட்டமொன்றில் படம் காட்டப்பட்ட பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)



படத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘குளோஸ் என்கவுன்ட்டர்ஸ் ஆஃப் த தேர்ட் கைண்ட்’. என்கவுன்ட்டர்னு கேட்டதும் நம்ம காதுக்கு என்ன வருது? விடியற்காலை, ஊருக்கு ஒதுக்குப்புறம், ‘தற்காப்புக்காகச் சுட்டோம்’ என்கிற போலீஸ் அறிக்கை. 1980-களின் தொடக்கத்தில் வடாற்காடு, தர்மபுரிப் பக்கம் அந்தச் சொல் ரத்தத்தோடு நம் மொழிக்குள் வந்தது. ஆங்கிலத்தில் அதற்கு எதிர்ப்படுதல், சந்தித்தல் என்றுதான் பொருள். சந்திப்பு என்ற சொல் அதிகாரத்தின் வாயில் போய் விழுந்தால் கொலை என்று ஆகிவிடுகிறது. இதை மனசுல வச்சுக்கிட்டு இந்தப் படத்துக்குள்ள போவோம்.

தலைப்பு ஸ்பில்பெர்க்கின் சொந்தச் சரக்கு அல்ல. ஆலன் ஹைனக் என்று ஒரு வானியல் பேராசிரியர். அமெரிக்க விமானப்படை பறக்கும் தட்டுகளைப் பற்றி 1969 வரை நடத்திய ஆய்வில் ஆலோசகராக இருந்தவர். 1972-இல் எழுதிய புத்தகத்தில் அவர் வகை பிரித்தார். கிட்டத்தில் கண்ணால் பார்ப்பது முதல் வகை. கருகிய புல், நின்றுபோன மோட்டார் மாதிரித் தடயம் கிடைப்பது இரண்டாம் வகை. அதற்குள்ளிருக்கும் உயிரையே நேருக்கு நேர் காண்பது மூன்றாம் வகை. படத்தின் கடைசிக் காட்சியில் சில நொடிகள் பைப்போடு தாடிவைத்த ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வருகிறாரே, அவர்தான் ஹைனக்.

பார்ப்பது, தடயம் காண்பது, நேரில் எதிர்கொள்வது. இந்த மூன்று படிகளையும் விண்வெளிக்கு மட்டும்தான் பொருத்த வேண்டுமா என்பது என் கேள்வி. அந்தக் கேள்விக்குப் போகுமுன் படத்துக்கு உரிய மரியாதையைச் செய்துவிட வேண்டும். அமெரிக்கப் படம், ஏகாதிபத்தியக் கேளிக்கை என்று ஒரே வரியில் முத்திரை குத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவது சுலபம். அப்படிச் செய்தால் இந்தப் படத்திடமிருந்து நமக்குக் கிடைக்க வேண்டியதும் கிடைக்காமல் போகும்.

ஸ்டீவன் ஸ்பில்பெர்க் எழுதி இயக்கி 1977 நவம்பரில் வெளிவந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது. இண்டியானா மாநிலத்து மன்சி என்கிற ஊரில் ராய் நியரி என்று ஒரு மின்வாரியத் தொழிலாளி. கரண்ட் போன ராத்திரியில் கம்பத்தைப் பார்க்கக் கிளம்புகிறவன் தலைக்குமேல் வெளிச்சம் இறங்குகிறது. அன்றிலிருந்து ஒரு மலையின் உருவம் அவனை விடுவதில்லை. சாப்பாட்டுத் தட்டில் பிசைந்த உருளைக்கிழங்கை மலையாகக் குவிக்கிறான். மண்ணை வாரிக் கொண்டுவந்து கூடத்துக்குள் கொட்டி மலை கட்டுகிறான். வேலை போகிறது. மனைவி மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அந்த மலை எங்கே இருக்கிறது என்பதைத் தொலைக்காட்சிச் செய்தியில் பார்க்கிறான். வயோமிங் மாநிலத்தில் ‘டெவில்ஸ் டவர்’ என்று அரசாங்கம் பெயர் வைத்திருக்கும் பாறை. ராணுவத்தை ஏமாற்றிவிட்டு அங்கே போய்ச் சேருகிறான். விண்கலம் இறங்குகிறது. கடைசியில் அதில் ஏறிப் போகிறான்.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது, அந்நியரைப் பற்றி அதுவரை இருந்த கதைமரபை இந்தப் படம் உடைக்கிறது. ஹெச்.ஜி. வெல்ஸ் 1898-இல் ‘உலகங்களின் போர்’ நாவலை எழுதினார். செவ்வாய்க்காரர்கள் வந்து லண்டனைப் பொசுக்குகிறார்கள். வெல்ஸ் நேர்மையானவர். முதல் அத்தியாயத்திலேயே டாஸ்மேனியத் தீவின் மக்களை ஐரோப்பியர் அழித்ததைச் சுட்டிக்காட்டி, செவ்வாய்க்காரர்களைப் பற்றிக் குறைசொல்ல நமக்கு யோக்கியதை உண்டா என்கிற தொனியில் எழுதினார். வேற்றுக்கிரகவாசியைப் பற்றிய பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. தான் அடுத்தவனுக்குச் செய்ததை எவனாவது வந்து தனக்குச் செய்துவிடுவானோ என்கிற காலனிக்காரனின் பயம். 1951-இல் வந்த ‘த டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்தில் விண்ணிலிருந்து சமாதானம் பேச வந்தவனை, இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு சிப்பாய் சுட்டுவிடுகிறான். சுத்தமாக நம்ம ஊர் அர்த்தத்தில் என்கவுன்ட்டர்.

ஸ்பில்பெர்க்கின் படத்தில் வந்தவர்களைப் பார்த்து ஒரு துப்பாக்கியும் வெடிப்பதில்லை. வந்தவர்களோடு எப்படிப் பேசுவது என்பதுதான் படத்தின் பதற்றம். ஐந்தே ஐந்து ஸ்வரங்கள். ஜான் வில்லியம்ஸ் அமைத்தது. அந்த ஐந்துக்கும் கையால் சைகை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் உண்டாக்கி, பின்னால் ஹங்கேரியின் இசைமேதை கோடாயின் கல்விமுறை வழியாகப் பரவிய சைகைகள். குழந்தைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்க வந்த கருவி இது. வல்லரசின் ஆயுதக் கிடங்கை நம்பாமல் குழந்தைகளின் பாட்டுவகுப்பை நம்பி ஒரு சந்திப்பைக் கட்டியிருக்கிறார்கள். நாம் ஒரு ஸ்வரம் வாசிக்கிறோம், அவர்கள் திருப்பி வாசிக்கிறார்கள். யாரும் யாருக்கும் கட்டளையிடுவதில்லை. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மாணவங்க. மொழி தெரியாதவனைக் காட்டுமிராண்டி என்று எழுதிவைத்த நாகரிகத்திலிருந்து வந்த ஒரு படம் இதைச் சொல்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது, அழைக்கப்பட்டவர் யார் என்பது. அரசாங்கம் தேர்ந்தெடுத்து, சிவப்புச் சீருடை மாட்டி, பாதிரியாரை வைத்து ஜெபம் செய்து வரிசையில் நிறுத்திய ஆட்கள் ஒருபக்கம். அழைப்பிதழ் நெஞ்சுக்குள் வந்து விழுந்த சாதாரண ஜனங்கள் மறுபக்கம். கம்பம் ஏறுகிற தொழிலாளி, தனியாகப் பிள்ளை வளர்க்கிற தாய். இவர்களை ராணுவம் முகமூடி போட்டு ஹெலிகாப்டரில் ஏற்றித் திருப்பி அனுப்பப் பார்க்கிறது. பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ நடித்த லகோம் என்ற விஞ்ஞானிதான், இவர்களும் அழைக்கப்பட்டவர்கள் என்று அதிகாரிகளோடு மல்லுக்கு நிற்கிறார். அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலி தாண்டி வந்தவனைத்தான் வந்தவர்களும் தங்களோடு கூட்டிப்போகிறார்கள். இதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் தோழர்களே, வேலி என்று சொன்னேன். அந்த வேலியை எப்படிப் போட்டார்கள்?

ரயில் கவிழ்ந்து நரம்பைத் தாக்கும் விஷவாயு கசிந்துவிட்டது என்று அரசாங்கம் பொய் சொல்கிறது. சுற்றுவட்டாரத்து ஜனங்களைப் பெட்டி படுக்கையோடு ரயிலேற்றுகிறது. சாலையோரம் ஆடுமாடுகள் செத்த மாதிரிக் கிடக்கின்றன. அமெரிக்கப் பார்வையாளனுக்கு இது கற்பனை அல்ல. 1968 மார்ச்சில் யூட்டா மாநிலத்தில் டக்வே ராணுவச் சோதனைக்களத்தை ஒட்டியிருந்த ஸ்கல் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான ஆடுகள் செத்து விழுந்தன. விமானத்திலிருந்து நரம்பு விஷத்தைத் தெளித்துச் சோதனை நடத்திய மறுநாள்களில் நடந்தது. அந்தப் பள்ளத்தாக்கில்தான் கோஷூட் பூர்வகுடிகளின் ஒதுக்கிடம் இருக்கிறது. படம் வந்து ஏழு வருஷம் கழித்து, 1984 டிசம்பரில் போபாலில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படத்தில் வாயுவே இல்லை, ஊரைக் காலி செய்தார்கள். போபாலில் வாயு நிஜமாகவே வந்தது, தூங்கிக்கொண்டிருந்த குடிசைகளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. உண்மையை யாரிடம், எப்போது சொல்வது என்பதை அதிகாரம்தான் தீர்மானிக்கிறது. படத்துக்கு இது தெரிகிறது. பொய்யைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது.

படத்துக்குத் தெரியாத ஒரு காலிசெய்தல் இருக்கிறது. அது இந்தக் கதை தொடங்குவதற்கு நூறு வருஷம் முந்தி நடந்தது.

அந்தப் பாறைக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து உச்சிவரை 867 அடி. வரிவரியாகச் செங்குத்தான தூண்கள். லகோட்டா மக்கள் அதை ‘மாட்டோ டிபிலா’ என்கிறார்கள். கரடியின் வீடு. 1875-இல் கர்னல் ரிச்சர்ட் டாட்ஜ் தலைமையில் வந்த படைக் குழுவினர், பூர்வகுடிகள் இதைக் கெட்ட தெய்வத்தின் கோபுரம் என்று அழைப்பதாகத் தப்பாக விளங்கிக்கொண்டு ‘டெவில்ஸ் டவர்’ என்று எழுதிவைத்தார்கள். 1906-இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அந்நாட்டின் முதல் தேசிய நினைவிடமாக அறிவித்தபோது அந்தப் பெயரே சட்டமாயிற்று. வணங்குகிறவனின் இடத்துக்குச் சாத்தான் என்று பெயர். இந்தியர் என்று அந்த மக்களுக்கு வைத்த பெயரே கொலம்பஸின் வழிதவறல். நம் பாடப்புத்தகம் அதன் தலையில் சிவப்புச் சாயம் வேறு ஊற்றிச் ‘செவ்விந்தியர்’ ஆக்கியது.

இன்னொன்று சொல்கிறேன். நான் பகலெல்லாம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து எண்களைச் சரிபார்த்துப் பிழைக்கிறவன். படத்தில் விண்ணிலிருந்து எண்கள் வருகின்றன. நிலவரைபடக்காரர் ஒருவர் அவை தீர்க்கரேகை, அட்சரேகை என்று கண்டுபிடிக்கிறார். பெரிய பூகோள உருண்டையை அறையிலிருந்து பெயர்த்து உருட்டிக்கொண்டு வருகிறார்கள். தீர்க்கரேகை 104 பாகை 44 நிமிடம் 30 விநாடி, அட்சரேகை 40 பாகை 36 நிமிடம் 10 விநாடி. வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். அது கொலராடோ மாநிலத்தில் போய் விழுகிறது. அந்தப் பாறையின் அட்சரேகை ஏறக்குறைய நாற்பத்து நாலரைப் பாகை. பேரும் தப்பு, விலாசமும் தப்பு. சினிமாவில் இதெல்லாம் சகஜம்தான், கோர்ட்டுக்கா போகப் போகிறோம்? இருந்தாலும் அந்த இடம் யாருடையது என்று கேட்டிருந்தால், அது எங்கே இருக்கிறது என்பதையும் அவர்களே சொல்லியிருப்பார்கள்.

யாருடையது? 1868-இல் லாரமி கோட்டையில் அமெரிக்க அரசு லகோட்டா முதலிய மக்களோடு ஒப்பந்தம் செய்தது. அந்தப் பாறை நிற்கும் நிலப்பரப்பு, விட்டுக்கொடுக்கப்படாத பூர்வகுடி நிலம் என்று அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1874-இல் பக்கத்து பிளாக் ஹில்ஸ் மலையில் தங்கம் கண்டார்கள். 1877-இல் சட்டம் போட்டு மலையைப் பறித்தார்கள். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1977-இல், ஸ்பில்பெர்க்கின் விண்கலம் அதே மலைத்தொடரின் ஓரத்தில் இறங்கியது. 1980 ஜூன் 30 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம், மலையை எடுத்துக்கொண்டதற்கு இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. வட்டியோடு பத்துக் கோடி டாலருக்கு மேல். லகோட்டாக்கள் அந்தப் பணத்தைத் தொட மறுத்துவிட்டார்கள். மலை விற்பனைக்கு இல்லை, மலையைத்தான் கேட்கிறோம் என்றார்கள். வறுமையிலும் வறுமையான ஒதுக்கிடங்களில் வாழ்கிறவர்கள் சொன்ன பதில் இது. அந்தத் தீர்ப்பு வந்த சில வாரங்களில், ஆகஸ்டில், இதே படத்தின் ‘ஸ்பெஷல் எடிஷன்’ வெளியானது. தியேட்டரில் பாறைமேல் வெளிச்சம் பொழிந்துகொண்டிருந்தபோது, வெளியே அந்த நிலத்தின் மக்கள் காசோலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். படத்தின் எந்த வடிவத்திலும் அந்த மண்ணின் மக்களுக்கு ஒரு பாத்திரம் இல்லை.

இதில் வலிக்கிற இடம் வேறொன்று. கயோவா மக்களிடம் இந்தப் பாறையைப் பற்றி ஒரு கதை உண்டு. கயோவா எழுத்தாளர் ஸ்காட் மோமடே 1969-இல் வந்த தம் நூலில் அதை எழுதியிருக்கிறார். ஏழு அக்கா தங்கைகளும் ஒரு சகோதரனும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பையன் கரடியாக மாறித் துரத்துகிறான். ஒரு மரத்தின் அடிக்கட்டை, என்மேல் ஏறுங்கள் என்று பெண்களைக் கூப்பிடுகிறது. ஏறியதும் அது வானத்தை நோக்கி வளர்கிறது. கரடி பாய்ந்து பாய்ந்து பட்டையைக் கீறுகிறது. பாறையில் தெரியும் வரிகள் அந்த நகத்தடம். ஏழு பெண்களும் மேலே போய் நட்சத்திரங்களாகிவிடுகிறார்கள். நாம் சப்தரிஷி மண்டலம் என்கிறோமே, அந்த ஏழு. நாம ஏழு ரிஷிகளை உட்கார வச்ச இடத்துல அவங்க ஏழு பொண்ணுங்களை வச்சிருக்காங்க.

இப்போது படத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பாறை கூப்பிடுகிறது. போகிறவர்கள் நட்சத்திரங்களுக்குள் ஏறிவிடுகிறார்கள். கதை அங்கே ஏற்கனவே இருந்தது. அங்கிருந்து வானத்துக்கு வழி உண்டு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1883-இல் அவர்களுடைய சூரிய நடனத்தையும் மற்றச் சடங்குகளையும் குற்றம் என்று விதி எழுதினார்கள். பூர்வகுடிகளின் வழிபாட்டுரிமைக்கென்று அமெரிக்கப் பாராளுமன்றம் தனியாகச் சட்டம் செய்தது 1978-இல், படம் வந்த மறுவருஷம். ஒருவன் கதையைச் சட்டத்தால் ஊமையாக்கிவிட்டு, அந்த மௌனத்தில் இன்னொருவன் அதே இடத்தில் அதே கதையைப் புதுசாகச் சொல்கிறான். ஸ்பில்பெர்க் திருடினார் என்று நான் சொல்லவில்லை. திருட வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அந்த இடம் காலியாகத் தெரிந்திருக்கிறது. அப்படிக் காலியாகத் தெரியவைப்பதுதான் ஆதிக்கத்தின் வேலை.

படத்துக்குப் பிறகு பாறையைப் பார்க்க வரும் கூட்டம் பெருகியது. 1995-இல் பூங்கா நிர்வாகம், ஜூன் மாதம் சடங்குகள் நடக்கும் மாதம், அந்த ஒரு மாதம் மட்டும் பாறைமேல் ஏறாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. தடைகூட இல்லை, வெறும் வேண்டுகோள். அதற்கே வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். 2014-இல் லகோட்டா ஆன்மிகத் தலைவர் ஆர்வல் லுக்கிங் ஹார்ஸ், கரடி வீடு என்ற பெயரைத் திருப்பித் தரச்சொல்லி விண்ணப்பித்தார். சாத்தான் பெயரே இருக்கட்டும், சுற்றுலா கெட்டுவிடும் என்று உள்ளூர் அரசியல்வாதிகள் எதிர்த்தார்கள்.

இறங்கும் தளத்தைப் பற்றி இன்னொரு செய்தி. விண்கலம் இறங்கும் அந்தப் பெரிய காட்சியை வயோமிங்கில் எடுக்கவில்லை. தெற்கே, அலபாமா மாநிலத்து மொபீல் நகரத்தில், பழைய ராணுவ விமானக் கொட்டகைக்குள் எடுத்தார்கள். குட்டி குட்டியாக வருகிறார்களே வேற்றுக்கிரகவாசிகள், அவர்கள் அந்த ஊர்ச் சிறுமிகள். கலத்தின் கதவு திறந்ததும், 1945-இல் காணாமல்போன விமானிகள் வயசு ஏறாமல் இறங்கி வருகிறார்கள். தூக்கிக்கொண்டு போனவர்கள் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

அதே மொபீல் நகரத்துக்கு 1860-இல் ‘க்ளோட்டில்டா’ என்று ஒரு கப்பல் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கடத்திக்கொண்டு வந்தது. அடிமைகளை இறக்குமதி செய்வது 1808 முதலே சட்டவிரோதம் என்பதால், இறக்கியதும் கப்பலைக் கொளுத்தி ஆற்றில் மூழ்கடித்தார்கள். அதன் மிச்சத்தை 2019-இல்தான் உறுதிசெய்தார்கள். விடுதலைக்குப் பிறகு அந்த மக்கள் ஊர் திரும்ப நினைத்தார்கள். கப்பல் கட்டணத்துக்கு வழியில்லை. அங்கேயே நிலம் வாங்கி ‘ஆப்பிரிக்கா டவுன்’ என்று ஊர் கட்டிக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் விடவில்லை. மார்க் டெரி என்ற விமர்சகர் 1993-இல் எழுதினார்: அமெரிக்கக் கறுப்பர்களே அந்நியரால் கடத்தப்பட்டவர்களின் வம்சம்தான், விஞ்ஞானப் புனைகதை அவர்களுக்கு நடந்துமுடிந்த வரலாறு என்கிற பொருளில். அந்தக் கொட்டகையில் விளக்குப் போட்டவர்களுக்கு, தாங்கள் எந்தக் கரையில் விளக்குப் போடுகிறோம் என்பது தெரிந்திருக்காது.

இனி நம் பக்கம். இந்தப் படத்தில் இந்தியா வருகிறது. ‘தர்மசாலா, வட இந்தியா’ என்று எழுத்துப் போடுகிறார்கள். காவியும் தாடியுமாகச் சாமியார்கள், அவர்களோடு பெருங்கூட்டம், அந்த ஐந்து ஸ்வரங்களைப் பாடுகிறது. இமாச்சலத்துத் தர்மசாலா, திபெத் அகதிகள் வந்து தங்கிய மலையூர். காட்சியோ பம்பாய்க்குப் பக்கத்தில் காலாப்பூரை ஒட்டிய ஹால் என்ற கிராமத்தில், 1977-இன் தொடக்கத்தில், அக்கம்பக்கத்து ஜனங்களைத் திரட்டி எடுத்தது. சத்தம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்கள். அத்தனை கையும் ஒரே நேரத்தில் ஆகாயத்தைக் காட்டுகிறது. பிரமாதமான காட்சிதான். ஆனால் ஒரு முகம் இல்லை, ஒரு பேர் இல்லை. இந்தியா என்றால் சாமியார், இந்தியன் என்றால் கூட்டம். ஒலிநாடாவில் பதிந்துகொண்டு போய், வெள்ளைக்காரர்கள் நிறைந்த அரங்கில் போட்டுக்காட்டி அர்த்தம் கண்டுபிடிக்கிறார்கள். பருத்தி இங்கே, மில்லு மான்செஸ்டர்ல. அதே கணக்கு.

ரெண்டு வகை இந்தியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் இழந்த இந்தியர் படத்தில் இல்லவே இல்லை. கைதூக்க வந்த இந்தியர் கூட்டமாக மட்டும் உண்டு. விண்கலத்தில் ஏறும் வரிசையில் இரண்டு பேரும் இல்லை.

வேறு மாதிரி ஒரு படம் சாத்தியமாகி இருந்தது. சத்யஜித் ராய் 1967-இல் ‘தி ஏலியன்’ என்று திரைக்கதை எழுதினார். பின்னாளில் ஸ்பில்பெர்க்கின் இந்தப் படத்தை வெளியிட்ட அதே கொலம்பியா கம்பெனிதான் அதையும் எடுப்பதாக இருந்தது, எடுக்கப்படாமலே போயிற்று. அதில் விண்கலம் வந்து இறங்கும் இடம் வங்காளத்துக் கிராமம் ஒன்றின் குளம். அதற்கு முன்னோடியாக 1962-இல் அவர் எழுதிய சிறுகதையில், ஊரே கேலி செய்யும் சாதுவான பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைத்தான் வேற்றுக்கிரகவாசி சந்திக்கிறான். அந்தச் சந்திப்புக்குப் பிறகு அவர் தலைநிமிர்ந்து நின்று கேலி செய்தவர்களுக்குப் பதில் சொல்கிறார். வல்லரசின் ரகசியத் தளத்தைத் தேடிப் போகாமல், அவமானப்பட்டவனைத் தேடி வருகிற சந்திப்பு.

கிராமத்துக் குளம் என்று ராய் எழுதியது நல்லது. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்குக் குளம் என்றதும் அடுத்த கேள்வி தானாக வருமே. எந்தக் குளம்? யார் இறங்கலாம்?

ஹால் கிராமம் இருக்கிறதே, கை தூக்கிய கிராமம், அது அப்போது கொலாபா மாவட்டம், இன்றைக்கு ராய்கட். அதே மாவட்டத்தில்தான் மகாட் இருக்கிறது. நகராட்சி 1924-இலேயே சவ்தார் குளத்தை எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் போட்டுவிட்டது, தண்ணீரைத் தொடத்தான் முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். தண்ணீருக்காக வரவில்லை, நாங்களும் மனிதர்கள் என்று நிலைநாட்ட வந்தோம் என்பது அவர் சொன்னதன் சாரம். குடித்துவிட்டுத் திரும்பியவர்களை அடித்தார்கள். சாணமும் கோமியமும் கலந்து 108 குடம் ஊற்றிக் குளத்தைத் ‘தீட்டுக் கழித்தார்கள்’. வழக்கு நடந்து, உயர்நீதிமன்றத் தீர்ப்பு 1937-இல் வந்தது.

ஐம்பது வருஷம் கழித்து அதே மாவட்டத்தில் கேமரா வந்து இறங்கியது. விண்ணிலிருந்து வருகிறவரை மனிதகுலம் எப்படித் தொடுவது என்று கேட்கும் படம். பக்கத்துத் தாலுகாக்களைத் தாண்டினால், மனிதன் மனிதனைத் தொட்ட குற்றத்துக்காகக் கழுவப்பட்ட குளம். ஸ்பில்பெர்க்குக்கு மகாட் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நமக்குத் தெரிய வேண்டும். ஹைனக்கின் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். கண்ணால் பார்ப்பது முதல் வகை. ஊரும் சேரியும் ஒன்றையொன்று ஆயிரம் வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. தடயம் இரண்டாம் வகை. தனிக்குவளை, தனிச் சுடுகாடு, கேட்டால் கொட்டிக் கிடக்கிறது. நேருக்கு நேர் எதிர்கொள்கிற மூன்றாம் வகை? அதைக் கேட்டு நடந்துபோனதுதான் மகாட்.

கடைசியாக, இந்தப் படத்தை என்ன செய்வது? ஸ்பில்பெர்க்கே இதை விட்டபாடில்லை. விண்கலத்தின் உட்புறத்தைக் காட்டச் சொல்லி கம்பெனி கேட்டதால் 1980-இல் காட்டினார். அது பிடிக்காமல் 1998-இல் வெட்டி எறிந்தார். நாயகன் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதை இன்றைக்கென்றால் எழுதமாட்டேன் என்றும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எடுத்தவரே திரும்பத் திரும்பத் திருத்துகிற படத்தை நாமும் நம் பங்குக்குத் திருத்திப் பார்க்கலாம். அந்த ஐந்து ஸ்வரங்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தெரியாதவனிடம் போகும்போது ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கற்றுக்கொள்ளத் தயாராகப் போ என்கிற அந்தப் பாடம் நமக்கும் வேண்டும். நாம் நம்மோடு அரசியல் பேசுகிறபோதுகூட அதை மறந்துவிடுகிறோம். ஆனால் ஒரு சந்திப்பு நடக்கும்போது, அந்த இடத்திலிருந்து யாரை அப்புறப்படுத்திவிட்டு அது நடக்கிறது என்று கேட்பதையும் விடக்கூடாது.

இங்கே கதை எழுதுகிற மாணவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரில் ஒரு கலம் இறங்குவதாக எழுதுங்கள். குளத்திலா, சுடுகாட்டிலா, களத்துமேட்டிலா, எங்கே இறங்குகிறது என்று எழுதுங்கள். அதிகாரிகள் வந்து முதலில் எந்தத் தெருவைக் காலி செய்கிறார்கள், யார் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்கிறார்கள், இறங்கி வந்தவர்களுக்கு முதல் செம்புத் தண்ணீர் யார் கையால் போகிறது என்பதையும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் படித்துப் பேசுவோம்.